மனம் இருந்தால் மார்க்கம் உண்டு, சரி. ஷட்டர் சாவி யாரிடம்?

காலை 4:40. திண்டுக்கல்லில் ஒரு லாட்ஜ். ஷூவை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தால், வாசல் ஷட்டர் தரைவரை இறக்கிப் பூட்டியிருக்கிறது. வாட்ச்மேன் சோபாவில் போர்வைக்குள் இருக்கிறார். என் அப்பா வயது, எழுப்ப மனசு வரவில்லை. பத்து நிமிஷம் அங்கேயே குதிகாலைத் தூக்கி இறக்கிக்கொண்டு நின்றுவிட்டு, வேறு வழியில்லாமல் எழுப்பினேன்.

"இந்நேரத்துக்கு எந்த பஸ்ஸு தம்பி?"

"பஸ் இல்லைங்கய்யா, ஓடப் போறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரூம் பில்லு கட்டிட்டீங்களா?"

நான் நூற்பாலைகளுக்கு மெஷின் சர்வீஸ் பார்ப்பவன். வீடு கோயம்புத்தூர். ஆனால் மாதத்தில் பாதி நாள் திண்டுக்கல், ராஜபாளையம், விருதுநகர் என்று பையோடு திரிகிறேன். மில் மூன்று ஷிஃப்டும் ஓடும். கோன் சுற்றும் மெஷின் ஒன்று நின்றால் மேனேஜருக்குத் தூக்கம் போகும், அடுத்த ஐந்தாவது நிமிஷம் எனக்கும் போகும். இந்த லட்சணத்தில் ஜனவரியில் சென்னையில் முழு மாரத்தான் ஓடுகிறேன் என்று பணம் கட்டித் தொலைத்திருக்கிறேன். 42.195 கிலோமீட்டர். அந்த 195 மீட்டரைக்கூடத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

பயிற்சி அட்டவணை பதினெட்டு வாரம். செவ்வாய் இன்டர்வெல் (விட்டுவிட்டு வேகமாக ஓடுவது), வியாழன் டெம்போ (வேகம் குறையாமல் சீராக ஓடுவது), ஞாயிறு லாங் ரன். அதைப் போட்டவர் தினமும் ஒரே கட்டிலில் தூங்கி எழுபவராகத்தான் இருக்க வேண்டும். 'புதன்: பஸ்' என்று அதில் எங்கேயும் இல்லை.

உள்ளூரில் என்னோடு ஓடும் கூட்டம் ஒன்று உண்டு. நல்லவர்கள்தான். ஆனால் ஒரு வாரம் தவறினால் போதும், உபதேசம் ஆரம்பித்துவிடும். "மனம் இருந்தால் மார்க்கம் உண்டுங்க." "ஷூ இருந்தாப் போதும், ஊரெல்லாம் கிரவுண்டுதான்." சொல்கிறவர்கள் எல்லாரும் ரேஸ்கோர்ஸில் இருந்து பத்து நிமிஷத் தூரத்தில் குடியிருப்பவர்கள். அங்கே ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். மரம், விளக்கு, நடைபாதை, ஓடி முடித்தால் டீ. பதினொரு சுற்று வந்தால் 27.5 கிலோமீட்டர், கணக்குப் போட்டுக்கொண்டே ஓடிவிடலாம். நானும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் ஓடுகிறேன். அன்றைக்கெல்லாம் எனக்கும் மனம் இரும்பு மாதிரிதான் இருக்கிறது!

வெளியூரில் எங்கே ஓடுவது? மில் இருப்பது ஊருக்கு வெளியே, நாலு வழிச் சாலை ஓரத்தில். அதில் நடைபாதை கிடையாது. சர்வீஸ் ரோட்டில் ஓடினால் எதிர்த்திசையில் ஹெட்லைட் இல்லாத பைக் வருகிறது. ஸ்கூல் கிரவுண்டுக்குப் பூட்டு. ஓர் ஊரில் ஸ்டேடியம் கண்டுபிடித்துப் போனேன். "மெம்பரா சார்?" "ஒரு நாள்தாங்க, காசு கொடுக்கிறேன்." "ஒரு நாளைக்கெல்லாம் ரசீது கிடையாது." உள்ளே அந்த 400 மீட்டர் டிராக்கில் ஆறு பேர் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள். நான் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

சரி, தெருவில் ஓடலாம் என்றால் நாய். இதில் ராஜபாளையத்துக்குத் தனிப் பெருமை, ஊர் பேரிலேயே நாய் உண்டு. ஆனால் என்னைக் கடித்தது அந்தப் புகழ்பெற்ற ஜாதி இல்லை, டீக்கடை வாசலில் படுத்திருந்த சாதாரணத் தெருநாய். நடந்து போகிற ஆளைக் கண்டுகொள்ளாத நாய், ஓடுகிறவனைக் கண்டால் மட்டும் கடமையாற்ற எழுந்துவிடுகிறது. கெண்டைக்காலில் இரண்டு பல். குழாயடியில் சோப்புப் போட்டு பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த ஊசிக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது: கடித்த அன்று, 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். முதல் ஊசி ராஜபாளையம், இரண்டாவது திண்டுக்கல், மூன்றாவதும் நான்காவதும் கோயம்புத்தூர். இந்த வருஷம் நான் ஒரு நாள்கூடத் தவறாமல் முடித்த அட்டவணை அது ஒன்றுதான்.

நாய்க்குப் பயந்து மலையடிவாரத்து ஐயனார் கோவில் ரோட்டுப் பக்கம் போகலாமா என்று லாட்ஜில் கேட்டேன். இருட்டில் யானை இறங்கும், வேண்டாம் என்றார்கள். அந்த மலையை 2021-இல் புலிகள் காப்பகமாகவே அறிவித்துவிட்டார்கள். ஆக, நாய் பிடிக்கவில்லை என்றால் யானை, புலி என்று வசதி உண்டு.

"ஹோட்டல் ஜிம்மில் டிரெட்மில் இருக்குமே" என்பவர்களுக்கு: இருந்தது. ஒருமுறை கம்பெனி கொஞ்சம் பெரிய ஹோட்டலில் ரூம் போட்டது. ஜிம் திறப்பது ஏழு மணிக்கு, நான் மில்லில் நிற்க வேண்டியதும் ஏழு மணிக்கு. ராத்திரி போனால் டிரெட்மில் கைப்பிடியில் ஈரத் துண்டுகள் காய்கின்றன. எடுத்து வைத்துவிட்டு ஏறினேன். ஜன்னல் இல்லை, ஃபேன் இல்லை. மூன்றாவது கிலோமீட்டரில் கரண்ட் போய் பெல்ட் சட்டென்று நின்றது, நான் நிற்கவில்லை. நெற்றியில் இப்போதும் தழும்பு இருக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ராத்திரி பஸ்தான் ஆளைக் கொல்கிறது. வழியில் எங்கே நிறுத்துவான் என்று தெரியாததால் சாயங்காலத்தில் இருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. ஆறு மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வீங்கின பாதத்தோடு விடியற்காலை இறங்கி, வறண்ட நாக்கோடு டெம்போ ஓடு என்றால்? வழக்கமாக கிலோமீட்டருக்கு 6 நிமிஷத்தில் ஓடுகிறவனுக்கு அன்றைக்கு 7 நிமிஷம் ஆகிறது. அதையும் பார்த்துவிட்டு, "என்ன தலைவரே, வாக்கிங் போனீங்களா?" என்று கேட்க ஒருத்தர் இருப்பார்.

சாப்பாட்டுக் கதை தனி. வேலை முடிவது ராத்திரி பத்தரைக்கு. அந்நேரத்துக்கு விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா அருமையாகக் கிடைக்கும். மில்காரர் அன்போடு நாலு வாங்கிப் போட்டால் நான் என்ன, பழம் கேட்டு அடம் பிடிக்கவா முடியும்? (பரோட்டா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.) காலையில் அது என்னோடு சேர்ந்து ஓடும்போதுதான் பிரச்சினை.

இத்தனைக்கும் நடுவில் வாரம் மூன்று நாளாவது ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஓடியிருக்கிறேன். மில் காம்பவுண்டுக்குள் பஞ்சு லாரிகளுக்கு நடுவே முப்பது சுற்று ஓடியிருக்கிறேன், செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே எண்ணினார். ஈர ஷூவுக்குள் தினத்தாளைச் சுருட்டித் திணித்து, அந்த நாற்றத்தோடு அடுத்த ஊருக்குப் போயிருக்கிறேன். எனக்கு மனம் இல்லையாம்.

நாளை ஞாயிறு. அட்டவணையில் 28 கிலோமீட்டர். ரேஸ்கோர்ஸுக்கு என்று உப்புக் கரைசல், பேரீச்சம்பழம் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். மத்தியானம் போன் வந்தது. ராஜபாளையம், ஏழாம் நம்பர் மெஷின், உடனே வாங்க. இதைப் பஸ்ஸில் இருந்துதான் எழுதுகிறேன். அந்த ஊரில் காலை ஐந்துக்கு முன்னால் திறந்திருக்கும் கிரவுண்டு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். "மனம் இருந்தால்" என்று ஆரம்பிப்பதாக இருந்தால், தயவுசெய்து ஒரு கம்பு மட்டும் கொடுத்து அனுப்புங்கள்.