தள்ளுபடியை மட்டும் பார்த்தால் போதாது
பாதி விலைக்கு வந்தால் எந்த உயர்தர ஹெட்போனையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்லடியில் மச்சானிடம் சென்ஹைசர் எச்டி 600 இருக்கிறது. 1997இல் வந்த மாடல், மின்மறுப்பு 300 ஓம், அதனால் அதை இயக்கக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும். அவருடைய போனில் நேரே செருகினால் சத்தம் மெலிந்துவிடும், மத்தளத்தின் அடி எடுபடாது. ஒரு சின்ன ஆம்போடு (ஒலியைப் பெருக்கும் கருவி) அதே வடமோடிக் கூத்துப் பதிவைக் கேட்டால், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் முன்னுக்கு வந்து நிற்கிறது, சல்லரித் தாளத்தின் கணீர் ஓசை மத்தளத்தோடு கலக்காமல் தனியே கேட்கிறது. அப்போ ஆம்புக்கான காசையும் சேர்த்துத்தானே விலை பார்க்க வேண்டும்? இன்னொன்று, எச்டி 600 திறந்த வகை, அதாவது காதுக் கிண்ணத்தின் வெளிப்புறம் அடைபட்டிராது. மட்டக்களப்பு வெக்கையில் ஃபேன் போடாமல் இருக்க ஏலாது. அந்த இரைச்சல் அப்படியே காதுக்குள் வந்து, பாட்டின் மெல்லிய இடங்களை விழுங்கிவிடும். எங்கள் வீடுகளுக்கு பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ மாதிரி மூடிய வகைதான் சரி, தள்ளுபடி குறைவாக இருந்தாலும். மேலே "பழைய மாடலுக்கு ஏன் இவ்வளவு காசு" என்று கேட்டவருக்கு: இந்த இரண்டிலும் காது மெத்தையைக் கழற்றி மாற்றலாம். வியர்வையில் அது நைந்துபோனால் புதிதாக ஒரு சோடி வாங்கிப் போட்டு இன்னும் பல வருடம் கேட்கலாம்.