வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது

தொலைவிலுள்ள கணினியை நம் கணினியிலிருந்தே இயக்க உதவும் ஆர்டிபி, விஎன்சி, ரஸ்ட்டெஸ்க் ஆகிய மூன்றையும் வேகத்தை வைத்தே ஒப்பிட்டிருக்கும் கட்டுரையைப் படித்தேன். அதை எழுதியவர் பாதுகாப்பையும் அதே அளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஆர்டிபி பயன்படுத்தும் 3389 போர்ட்டை (கணினியின் இணைப்பு வாயிலை) இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை, 2019இல் ஆர்டிபியில் புளூகீப் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டபோது விண்டோஸ் 7 கணினிகளுக்கு அவசரமாகப் பேட்ச் (குறையைச் சரிசெய்யும் மென்பொருள் திருத்தம்) போட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய விஎன்சியின் நிலை இன்னும் மோசம்: கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளை மட்டுமே அது சரிபார்க்கும், திரைக்காட்சியும் குறியாக்கமின்றியே, அதாவது இடையில் பிறர் பார்க்கக்கூடிய வகையிலேயே செல்லும். ஆகவே நான் பராமரிக்கும் லினக்ஸ் சர்வர்களில் விஎன்சிக்கான 5901 போர்ட்டை வெளியே திறப்பதே இல்லை. எஸ்எஸ்ஹெச் டனல் என்ற குறியாக்கப்பட்ட பாதை வழியாகவே இணைகிறேன். ரஸ்ட்டெஸ்க்கில் இரு கணினிகளையும் இணைத்துவைக்கும் இடைநிலை சர்வரை நாமே நிறுவிக்கொள்ளலாம் என்ற முக்கியமான வசதியைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது.