பொம்மைப் படையை யார் கலைப்பது?

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு. "தம்பி, அவர் ரூம்ல இருக்கிறதையெல்லாம் என்ன பண்றது? உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்லிக்கிட்டே இருப்பார்." பேசியவர் என் நண்பரின் மனைவி. நண்பர் என்று சொல்கிறேனே தவிர என்னைவிட இருபது வயது மூத்தவர். முதல் ஈயச் சிப்பாயை என் உள்ளங்கையில் வைத்து "கனம் பார்த்தியா?" என்று கேட்டவர் அவர்தான். இறந்து மூன்று மாதமாகியிருந்தது.

போனேன். அறையைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. அடசலாக இருக்கிறதே என்று வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பையன் ஒருவன் சிவப்பு அட்டைப் பெட்டிகளையெல்லாம் மடித்துப் பழைய காகிதத்தோடு போட்டுவிட்டான். இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் செய்த பழைய சிப்பாய் செட்டுகளுக்குப் பெட்டியும் அதன் மூடி மேல் உள்ள லேபிளும் சிப்பாய்களுக்குச் சமமான சொத்து. அது அவனுக்கு எப்படித் தெரியும்? தூசியாக இருக்கிறதே என்று மகள் இரண்டு தட்டுச் சிப்பாய்களைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாள். பல முகங்களில் மீசையும் கண்ணும் போய்விட்டன. இருவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். நண்பர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எது எங்கே வாங்கியது, எந்த வருடத்து அச்சு என்று முதல் எண்பது உருப்படிகளுக்கு அழகான கையெழுத்தில் இருந்தது. அதற்கப்புறம் வெறும் பக்கம். மிச்சமெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. தலை போய்விட்டது.

ஆகவே, சேகரிப்பாளர்கள் நாலு பேர் கூடினால் தவறாமல் வரும் அந்தக் கேள்விக்கு, வைத்திருப்பதா விற்பதா என்பதற்கு, என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். விற்றுவிடுங்கள். நீங்களே விற்றுவிடுங்கள், எது எதுவென்று உங்களுக்கு அடையாளம் தெரிகிற காலத்திலேயே. எல்லாவற்றையும் அல்ல, அதற்கு அப்புறம் வருகிறேன்.

"போகும்போது கொண்டு போகவா போகிறோம்?" என்று கேலி செய்வார்கள். ஒருவர் கொண்டு போனார். எகிப்தில் அஸ்யூத் பகுதியை ஆண்ட மெசேட்டி என்ற அதிகாரி. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அவர் கல்லறையில் மரத்தால் செய்த இரண்டு படைப்பிரிவுகளை வைத்தார்கள்: கேடயமும் ஈட்டியும் பிடித்த எகிப்தியர் 40 பேர், வில் ஏந்திய நூபியர் 40 பேர். அணி பிசகாமல் நடந்துவருகிறார்கள். அந்தப் படை அவருக்கு மறுமையில் காவல் நின்றதா என்று தெரியாது. கடைசியில் கெய்ரோ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. பாறையைக் குடைந்து மூடிய கல்லறைக்கே இந்த கதி என்றால் நம் கண்ணாடி அலமாரி எம்மாத்திரம்?

கொஞ்சம் கிட்டத்துக்கு வருவோம். பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் மொராக்கோவின் டாஞ்சியரில் கடலைப் பார்த்த ஒரு மாளிகையை வாங்கி, அதையே பொம்மைச் சிப்பாய் அருங்காட்சியகமாக்கினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உருவங்கள். பணத்துக்கும் இடத்துக்கும் குறைவில்லாத மனிதர். 1990-இல் இறந்தார். டாஞ்சியர் அருங்காட்சியகம் மூடப்பட்டது. நியூயார்க்கில் ஒரு பகுதியைக் காட்சிக்கு வைத்திருந்த கூடமும் 2014-இல் மூடப்பட்டது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்பாவின் ஆசை பிள்ளைகளின் ஆசையாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் பையனுக்கு என் சிப்பாய்கள்மேல் மரியாதை உண்டு, பிரியம் கிடையாது. மரியாதை தூசி தட்டாது.

"சும்மா அலமாரியில் இருந்துவிட்டுப் போகட்டுமே, சோறா கேட்கிறது?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்கும் சார். வைத்திருப்பது என்பதை நாம் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தினப்படி வேலை. ஈயச் சிப்பாய்களில் உள்ள காரீயத்துக்குப் பரம எதிரி, நாம் ஆசை ஆசையாகச் செய்து வைக்கும் மர அலமாரிதான். ஓக் போன்ற மரங்களிலிருந்தும் ஒட்டுப்பலகையிலிருந்தும் மட்டமான அட்டையிலிருந்தும் அசிட்டிக் அமில ஆவி மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். தூசி வரக் கூடாது என்று கதவை இறுக்கி மூடினால் ஆவியும் உள்ளேயே தங்கிவிடும். அது காரீயத்தை அரித்துச் சாம்பல் வெள்ளைப் பொடியாக்கும். முதலில் கணுக்காலில், குதிரையின் அடிவயிற்றில், பெயிண்ட் மெலிந்த இடங்களில் பூக்கும். பார்த்தால் மாவு ஒட்டியதுபோல இருக்கும். வாயால் ஊதிவிடாதீர்கள், அந்தப் பொடி விஷம். முற்றிவிட்டால் பெயிண்டுக்கு அடியில் உலோகமே இருக்காது. தொட்டால் கால் உதிரும். நண்பர் வீட்டில் கீழ்த்தட்டில் இருந்த ஒரு முழு வாத்தியக் குழு இப்படித்தான் போயிருந்தது.

ஈயம் வேண்டாம், பிளாஸ்டிக் சாகாவரம் பெற்றது என்று நினைத்தவர்களும் உண்டு. ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1959 முதல் வெளியிட்ட சின்னச் சின்னச் சிப்பாய்களை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். அந்த மென்மையான பாலிதீன் வருடங்கள் போகப்போக மொறுமொறுவென்று ஆகிவிடுகிறது. ஆசையாக எடுத்தால் துப்பாக்கி ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஜெர்மனியின் எலாஸ்டோலின் உருவங்கள் மரத்தூளும் பசையும் குழைத்து, உள்ளே கம்பி கொடுத்துச் செய்தவை. ஈரம் ஏறினால் கம்பி துருப்பிடித்து ஊதும், மேலே வெடிப்பு விடும். ரஷ்யப் பேரரசர் மூன்றாம் பீட்டருக்கோ வேறு மாதிரிப் பிரச்சினை. மாவுப்பசையால் செய்த அவருடைய காவலர்கள் இருவரை எலி தின்றுவிட்டது. எலியைப் பிடித்து, ராணுவச் சட்டப்படி விசாரித்து, தூக்கில் தொங்கவிட்டார். மனைவி கேத்தரின் இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். வீட்டுக்காரியின் கண்ணுக்கு நம் சேகரிப்பு எப்படித் தோன்றும் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, விற்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்? இங்கேதான் பலருக்குக் கோபம் வரும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. நாம் பார்ப்பது ஏலத்தில் சுத்தியல் விழுந்த விலையை. அதில் ஏல நிறுவனத்தின் கமிஷன், அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் போய்த்தான் மிச்சம் நம் கைக்கு வரும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிரிட்டன்ஸ் பொம்மைகளைச் செய்த வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் உள்ளீடற்ற வார்ப்பைக் கொண்டுவந்தது. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, வெளிப்புறம் இறுகியதும் உள்ளே இருப்பதைக் கவிழ்த்துவிடுவார்கள். உலோகம் மிச்சம், விலை குறைவு, சாதாரண வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு படை. அந்த வார்ப்பு 1966-இல் நின்றது. சிறுவயதில் அதை வைத்துத் தரையில் விளையாடியவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். மனிதன் பெரும்பாலும் தன் சிறுவயதைத்தான் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறான். விளையாடிய தலைமுறை வாங்குவதை நிறுத்தி விற்கத் தொடங்கும்போது சந்தையில் சரக்கு கூடும், வாங்கும் கை குறையும். ஆகவே "இன்னும் பத்து வருடம் வைத்திருந்தால் விலை ஏறும்" என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். மிக அரிதானவை எப்போதும் விலைபோகும். ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் இருந்த ஹைடே என்ற பொம்மைச் சிப்பாய்த் தொழிற்சாலை 1945 குண்டுவீச்சில் அழிந்தது. அதன் உருவங்கள் இனி வரப்போவதில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேரிடம் இருப்பது மிக அரிதானது?

இதைவிடக் கசப்பான உண்மை ஒன்று. நாமே பெயிண்ட் அடித்த உருவங்களுக்குச் சந்தையில் பெரும்பாலும் மதிப்பு கிடையாது. பழைய பொம்மையைப் புதிதாகப் பூசினால் மதிப்பு செத்தது. புதிய உருவத்துக்கு நாம் மூன்று வாரம் கண்ணைச் சுருக்கி, இரண்டே இழை உள்ள பிரஷ்ஷால் பொத்தான் வைத்திருப்போம். பிரிக்காத பெட்டியாக விற்றிருந்தால் அதைவிடக் கூடக் கிடைத்திருக்கும். போட்டிகளில் பரிசு வாங்கும் கைகள் சில உண்டு, அவற்றை விடுங்கள். நான் எனக்கும் உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தப் பணக் கணக்கில் ஏமாந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. வாட்டர்லூ போர்க்களத்தை மாதிரியாகச் செய்ய, அங்கேயே லா ஹே சாந்த் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி எழுதி யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டார். சுமார் 75,000 குட்டிச் சிப்பாய்கள். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது கூட்டம் அலைமோதியது. போட்ட காசு மட்டும் திரும்பவில்லை. கடனோடுதான் 1849-இல் இறந்தார். அந்த மாதிரி இன்று லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலர் இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, வைத்திருந்ததால்தானே பிழைத்தது" என்பார்கள். இல்லை. அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, மற்றவர்கள் சந்தா சேர்த்துப் பணம் கொடுத்து வாங்கியதால் பிழைத்தது. அவருடைய கடிதப் போக்குவரத்தும் பிழைத்ததால்தான் அந்த 75,000 பேரும் வெறும் ஈயத் துணுக்குகளாகிவிடவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடிதங்கள்தான். ஒரு சிப்பாயை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது அவனைப் பற்றித் தெரிந்ததையும் சேர்த்துக் கொடுக்கிறோம். இந்தத் தலை மாற்றப்பட்டது, இந்தக் குதிரை வேறு செட்டைச் சேர்ந்தது, இந்தக் கொடி நான் பூசியது, பழையது என்று ஏமாற வேண்டாம். உயிரோடிருப்பவர் விற்றால் இது எல்லாம் கூடப் போகும். இறந்தவரின் அறையில் வியாபாரி வந்து "மொத்தமாக இவ்வளவு" என்பார். நண்பர் வீட்டுக்கும் ஒருவர் வந்தார். சிப்பாய்களைப் போட்டு வைத்திருந்த பெட்டிகளைத் திறக்கக்கூட இல்லை, எத்தனை பெட்டி என்று மட்டும் எண்ணினார். அவரையும் குறை சொல்ல முடியாது. அவருக்குச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமே என்பீர்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதையே காட்ட இடமில்லை. பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள், வாங்கினாலும் கிடங்குக்குப் போகும். ஒரு வகைக்கு மட்டும் நான் அந்த வழியையே சொல்வேன். 1930-களில் ஜெர்மனியில் நாஜித் தலைவர்களையும் அவர்கள் படைகளையும் பொம்மைகளாகச் செய்து குழந்தைகளுக்கு விற்றார்கள். இன்று அந்த நாட்டில் நாஜிச் சின்னத்தைப் பொது இடத்தில் காட்டுவதே குற்றம். ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதை வாங்கத் துடிக்கிறவர்கள் எல்லாரும் வரலாற்று ஆர்வலர்கள் அல்ல. கூடுதல் விலை கிடைக்கிறதே என்று யாரிடம் வேண்டுமானாலும் தள்ளிவிடுவது எனக்குச் சம்மதமில்லை.

விற்றால் வருத்தம் வராதா? வரும். என்னிடம் ஒட்டகப் படை செட் ஒன்று இருந்தது. பணத்தேவைக்காக விற்றேன். முதல் வாரம் அலமாரியில் அந்த இடத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. நாலு வருடம் கழித்து, வாங்கியவர் ஒரு படம் அனுப்பினார். என் ஆறு ஒட்டகங்களும் அவருடைய மற்ற படைகளோடு, நல்ல வெளிச்சத்தில், வரிசையாக நின்றன. என்னிடம் அவை ஒரு பொம்மை லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தன. வருத்தம் போய்ப் பொறாமை வந்தது. பொறாமை பரவாயில்லை.

இப்போது என் வீட்டில் நான் செய்வதைச் சொல்கிறேன். பெயிண்ட் அடிக்காமல் பெட்டியில் கிடந்த படை முதலில் போயிற்று. "ஓய்வு பெற்றதும் அடிப்பேன்" என்று சேர்த்தது அது. ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் வேகத்துக்கு எனக்கு நூற்றுநாற்பது வயது தேவைப்பட்டது. அடுத்து, ஒரு வருடமாக நான் கையில் எடுக்காதவை. முழு செட்டை உடைத்து நாலு பேருக்கு விற்பதில்லை. காசு கொஞ்சம் குறைந்தாலும் ஒன்றாகப் போகட்டும். போகும் ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுக் காகிதம், எனக்குத் தெரிந்தது எல்லாம் எழுதி. நானே பெயிண்ட் அடித்தவை என்னோடேயே இருக்கும். சந்தைக்கும் அவை வேண்டாம், எனக்கும் அவற்றைக் கொடுக்க மனமில்லை. இருவருக்கும் லாபம்.

நண்பர் வீட்டுக்கு இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, அக்கா அதே நோட்டில் எண்பத்தொன்றிலிருந்து எழுதுகிறார். எழுதும்போது "இதை வாங்கின அன்னைக்கு என்கிட்ட பாதி விலைதான் சொன்னார்" என்று நடுவில் சிரிக்கிறார். முதல் நாளே அவரிடம் ஒன்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஊதுகொம்புக்காரன் ஒருவன். உடைந்த கழுத்தில் தீக்குச்சி செருகித் தலையை ஒட்டியிருக்கிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் செய்த வைத்தியம். ஒன்பது வயதில் அவர் செய்தது என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள். இப்போது என் மேசையில் நிற்கிறான், தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது.

காலாட்படை முடிந்தது. குதிரைப்படை இன்னும் பாக்கி. இந்த ஞாயிறும் போக வேண்டும்.