வேரை அறுப்பதும் வெட்டுவதுதான்

ஒரு மரத்தை வெட்டினால் பத்துக் கன்று நட்டுவிடலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்னை பெரம்பூரில் எங்கள் பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டினார்கள். வாசல் வேப்பமரத்தை யாரும் வெட்டவில்லை. ஆனால் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரையெல்லாம் ஜேசிபியால் அறுத்துவிட்டார்கள். அப்புறம் அடிமரத்தை ஒட்டியே ஜல்லி, எம்சாண்ட் கொட்டி, கடைசியில் தரையை சிமென்ட் போட்டு மூடினார்கள். இரண்டே வருடத்தில் மரம் பட்டுப்போனது.

தண்ணீர் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு அடிக்குள்தான் இருக்கும், கிளை விரிப்பையும் தாண்டி ஓடும். லாரி ஏறி மண் இறுகினால் வேருக்குக் காற்றே போகாது. ஒரு பக்க வேர் போன மரம் 2016 வர்தா மாதிரிப் புயலில் எளிதாகச் சாய்ந்துவிடும். டெல்லி மரங்கள் பற்றிய வழக்கில் 2013லேயே, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்கு கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. இங்கே அஸ்திவாரம் தோண்டும் முன்பே, கிளை விரிந்த அளவுக்காவது தகர வேலி போட வேண்டும். கட்டட பிளான் அனுமதியிலேயே அதை நிபந்தனையாக்க வேண்டும்.

அந்த வேம்பு நிழலில் நின்ற இஸ்திரி வண்டி அண்ணன் இப்போது தார்ப்பாய் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறார்.