நல்ல கணினியைத் தூக்கிப் போடச் சொன்னால் எப்படி?

கணினியில் ஒரு குறையும் இல்லை. கோவில் திருவிழாக் கணக்கு, பிள்ளைகளின் பள்ளிப் பாடம் எல்லாம் அதில்தான். ஆனால் அதில் ஓடும் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, 11-க்கு மாற வேண்டுமாம். எப்படி மாறுவது? டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், செயலி இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் எத்தனை வீட்டில் அது இருக்கிறது? எஸ்டேட் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பொருள் இது! பாதுகாப்புப் புதுப்பிப்பை ஓராண்டு நீட்டித்தார்கள், சரி. அப்புறம்?

மேக் வாங்கச் சொல்கிறான் தம்பி. நம் நாட்டு முத்து நெடுமாறன் தமிழில் தட்டச்சு செய்ய உருவாக்கிய அஞ்சல் விசைமுறை அதில் உள்ளேயே இருக்கிறது, பெருமைதான். அந்த ஆயிரக்கணக்கான ரிங்கிட்டை யார் கொடுப்பது? அங்கேயும் பழைய மாடல்களைப் பாதியில் கைவிடத்தானே செய்கிறார்கள்?

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளியிலிருந்து வரும் எக்செல் கோப்பைத் திறந்தால் கட்டமெல்லாம் கலைந்து கிடக்கிறது. பிரிண்டர் மக்கர் செய்தால் யாரிடம் ஓடுவது? டவுனில் எந்தக் கடையில் கேட்டாலும் ஒரே பதில்: "விண்டோஸ் மட்டும்தான் பார்ப்போம், அண்ணே."