ஏசியை எந்த ரூம்ல மாட்டுறீங்க?

ஏசி மாட்டுறதும் சர்வீஸ் பண்றதும்தான் என் பொழைப்பு. மதுரைல பங்குனி பாதியிலேயே போன் அடிக்க ஆரம்பிச்சிரும். அழகர் ஆத்துல இறங்கி அக்னி நட்சத்திரமும் தொடங்கிட்டா சாப்பிடக்கூட நேரம் இருக்காது. இந்தத் தொழில்ல ரொம்ப நாளா என் மனசை உறுத்துற ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதிடுறேன்.

புதுசா ஏசி வாங்குற வீட்டுல "எந்த ரூம்ல மாட்டணும்?"னு கேட்டா, யோசிக்காம வர்ற பதில் மகனும் மருமகளும் படுக்குற பெட்ரூம்தான். சுவத்துல ஓட்டை போடுறப்ப தூசி பறக்கும்ல, அதனால ஹால் கட்டில்ல படுத்திருக்கிற அப்பத்தாவை எழுப்பி வாசல்ல உட்கார வைப்பாங்க. வேலை முடிஞ்சதும் அவங்களுக்கு மறுபடி அதே கட்டில், அதே ஃபேன்.

செல்லூர்ப் பக்கம் ஒரு வீடு. மொட்டை மாடிக்கு நேர் கீழ ஹால். மத்தியானம் மூணு மணி இருக்கும். அந்த அம்மா ஈரத்துண்டைக் கழுத்துல சுத்திக்கிட்டு ஃபேனுக்கு அடியில உட்கார்ந்திருந்தாங்க. துண்டு எப்பவோ காஞ்சு மொடமொடன்னு நிக்குது. நான் ஏணியில ஏறி சீலிங்ல கையை வச்சுப் பார்த்தேன், சுட்டுச்சு. அந்தச் சூட்டைத்தான் ஃபேன் அவங்க தலைமேல இறக்கிக்கிட்டு இருந்துச்சு. பெட்ரூம்ல நான் மாட்டின ஏசி ஆள் இல்லாம ஓடுது, ரூம் "கூல் ஆகட்டும்"னு.

இந்த மெஷினோட கதையே எனக்கு இதனாலதான் வலிக்குது. முதல்ல இதை யோசிச்சவங்கள்ல ஒருத்தர் ஒரு டாக்டர். பேரு ஜான் கோரி. அமெரிக்காவுல ஃபுளோரிடா பக்கம் அப்பலாச்சிகோலான்னு ஒரு துறைமுக ஊர். 1840கள்ல அங்க காய்ச்சல்ல கிடந்தவங்க வெக்கையில தவிக்கிறதைப் பார்த்துட்டு, உத்தரத்துல ஐஸ் தொட்டியைத் தொங்கவிட்டு, குளிர்ந்த காத்து நோயாளி மேல இறங்குற மாதிரி செஞ்சார். ஐஸ் வடக்கே இருக்கிற ஏரிகள்ல வெட்டிக் கப்பல்ல வரணும். அதே காலத்துல நம்ம சென்னைக்கும் அந்த அமெரிக்க ஐஸ் வந்துச்சு. அதை வைக்கக் கட்டின ஐஸ் ஹவுஸ்தான் இன்னிக்கு மெரினாவுல இருக்கிற விவேகானந்தர் இல்லம். கோரி கப்பலை நம்பி இருக்க முடியாம, ஐஸ் செய்ற மெஷினையே செஞ்சு 1851ல காப்புரிமை வாங்கினார். பணம் போட ஆள் கிடைக்கல. 1855ல அந்த ஏக்கத்தோடவே போய்ச் சேர்ந்துட்டார்.

அதுக்கப்புறம் குளிர் மனுசனை விட்டுட்டுப் பொருள் பக்கம் போயிருச்சு. 1902ல வில்லிஸ் கேரியர் புரூக்ளின்ல ஒரு அச்சகத்துக்காக மெஷினை வடிவமைச்சார். காத்துல ஈரம் கூடிக் குறையுறதுல பேப்பர் விரிஞ்சு சுருங்கி, ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உட்காரல, அதுதான் பிரச்சனை. அடுத்து நூல் மில்லுக்காரங்க பிடிச்சுக்கிட்டாங்க. மதுரைல மில்லு வேலை பார்த்த குடும்பங்கள்ல கேட்டா தெரியும், காத்து காஞ்சா இழை அறுந்துரும். அறுந்த இழைக்குக் கவலைப்பட ஆள் இருந்துச்சு. 1925ல நியூயார்க் ரிவோலி தியேட்டருக்குள்ள குளிர் வந்துச்சு.

வீட்டுக்கு வந்தது பணக்காரர் மாளிகைக்கு. 1914ல மினியாபொலிஸ்ல சார்லஸ் கேட்ஸ்ங்கிறவர் வீட்டுல மாட்டினாங்க. அவர் அதுக்கு முந்தின வருசமே செத்துப்போயிருந்தார். அப்புறம் மெஷினுக்குள்ள ஓடிக் குளிர வைக்கிறதுக்கு விஷமில்லாத கேஸ்னு ஃப்ரீயான் வந்துச்சு, ஜன்னல் ஏசி வந்துச்சு, ஸ்பிளிட் வந்துச்சு, 1981ல ஜப்பான்ல தோஷிபா இன்வெர்ட்டர் ஏசியை (பேட்டரி இன்வெர்ட்டர் இல்ல, தேவைக்குத் தக்கபடி கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஏசி) கொண்டு வந்துச்சு. அந்த ஃப்ரீயான் ஓசோனை அரிக்குதுன்னு தெரிஞ்சு 1987ல மான்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு ஒதுக்க ஆரம்பிச்சாங்க. (இடையில ஒண்ணு சொல்லிடுறேன். ஏசில கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீராது. குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக். லீக்கை அடைக்காம வருசா வருசம் கேஸ் ஏத்த விடாதீங்க.)

இவ்வளவு தூரம் சுத்தி வந்த குளிர், நம்ம வீட்டுக்குள்ள வந்தும் நோயாளிகிட்டப் போகலையே!

ஃபேன் போதும்னு சொல்றவங்களுக்கு: ஃபேன் காத்தைக் குளிர வைக்காது, நம்ம வேர்வையைக் காய வைக்குது, அதுல உடம்பு குளிருது. வயசானவங்களுக்கு வேர்வை குறைவு, தாகமும் சரியாத் தெரியாது. பிபிக்கு நீர் பிரியற மாத்திரை சாப்பிட்டா இன்னும் மோசம். 40 டிகிரிக்கு மேல ஃபேன் உடம்பைச் சூடாக்கத்தான் செய்யும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நம்ம ஊர்ல மே மாசத்துல 40 ஒண்ணும் புதுசில்ல.

"அவங்களுக்கு ஏசி ஒத்துக்காது, மூட்டு வலிக்கும்பாங்க." 18ல வச்சா யாருக்குத்தான் வலிக்காது? 26, 27ல வையுங்க, காத்து நேரா மேல அடிக்காம ஃபிளாப்பை மேல தூக்கிவிடுங்க, ஃபேனை மெதுவா ஓடவிடுங்க. 2020ல இருந்து புது ஏசி ஆன் பண்ணின உடனே 24லதான் நிக்கணும்னு அரசாங்கமே விதி வச்சிருக்கு.

கரண்ட் பில் பயம் நியாயமானது, ரெண்டு மாசத்துல 500 யூனிட்டைத் தாண்டினா ரேட்டே மாறிடும். ஆனா ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்குள்ளதான் இழுக்கும். பன்னெண்டுல இருந்து நாலு மணி வரைக்கும் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 240 யூனிட்டைத் தாண்டாது. ஹால்ல மாட்ட வசதி இல்லையா, அந்த நாலு மணி நேரம் அப்பத்தா கட்டிலை பெட்ரூம்ல போடுங்க. மகன் அப்ப ஆபீஸ்லதானே இருக்கார்?

வாங்குறதுக்கு முன்னாடி மாடியைப் பாருங்க. தட்டோடு பதிச்சிருக்கா, இல்ல வெறும் கான்கிரீட்டா? கான்கிரீட் பகல்ல வாங்கின சூட்டை ராத்திரி பூரா கீழ விட்டுக்கிட்டே இருக்கும். சித்திரைக்கு முன்னாடி சுண்ணாம்பை நல்லாக் கெட்டியாக் கரைச்சு மொட்டை மாடித் தரையில ரெண்டு கோட் அடிச்சிருங்க. என் வியாபாரத்துக்கு இது நஷ்டம்தான், ஒன்றரை டன் கேக்குற ரூமுக்கு ஒரு டன்னே போதும்னு ஆகலாம். பரவாயில்ல. ஏசியே வாங்க முடியாத வீடுகளுக்கும் அந்தச் சுண்ணாம்பு உதவும்.

வயசானவங்க இருக்கிற ரூமோட நீளம் அகலம், மேல மொட்டை மாடியா இல்லையா, வெயில் எந்தப் பக்கம் விழுதுன்னு கமெண்ட்ல போடுங்க. எத்தனை டன் போதும், எங்க மாட்டணும்னு நானே சொல்றேன்.