"ட்ரான்ஸிஸ்டரை மாத்து மச்சான்" கூட்டத்துக்கு

வீட்டுல கட்டுன ஃபஸ் பெடல்ல (கிட்டார் சத்தத்தைக் கரகரன்னு ஆக்குற, காலால மிதிக்கிற பெட்டி) சத்தம் வரலன்னு எவனாவது கேட்டா போதும், உடனே நாலு பேர் "ட்ரான்ஸிஸ்டரை மாத்திப் பாரு மச்சான்"னு வந்துடுறாங்க. வோல்ட்டேஜ் பார்த்தியான்னு ஒருத்தனும் கேக்கிறதில்ல! ஹட்டன்ல இருக்கிறவனுக்குப் பழைய ஜெர்மானியம் ட்ரான்ஸிஸ்டர் (சிலிக்கனுக்கு முந்தின வகை) ஒண்ணு வேணும்னா கொழும்புக்குப் போற ஆளைப் பிடிக்கணும். உங்களுக்கென்ன, வாயால சொல்றதுதானே.

ஃபஸ் பெடல்கள்ல ஒண்ணான ஃபஸ் ஃபேஸையே எடுங்க, 1966ல லண்டன்ல வந்த சர்க்கிட். ரெண்டு ட்ரான்ஸிஸ்டர், நாலு ரெசிஸ்டர், மூணு கப்பாசிட்டர், ரெண்டு பொட் (திருகுற குமிழ்). அவ்வளவுதான். புது 9 வோல்ட் பெட்டரி போட்டு, ரெண்டாவது ட்ரான்ஸிஸ்டரோட கலெக்டர் கால்ல மீட்டரை வைங்க. 4.5 வோல்ட் கிட்ட வரணும். 8 காட்டுனா நோட்டு திக்கித் திக்கி அறுந்துதான் விழும். அந்தக் கலெக்டர்ல இருக்கிற 8.2கே ரெசிஸ்டரைக் கழட்டிட்டு 20கே ட்ரிம்பொட் (ஸ்க்ரூ டிரைவரால திருகுற குட்டிப் பொட்) போட்டுத் திருகுங்க, இறங்கி வரும். முழுசா 9 நின்னா அது ஓடவே இல்ல, ட்ரான்ஸிஸ்டரோட மூணு காலும் சரியான இடத்துல இருக்கான்னு பாருங்க. தட்டைப் பக்கம் நம்மளைப் பார்க்க, பிசி547ங்கிற சிலிக்கன் ட்ரான்ஸிஸ்டருக்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904க்கு அப்படியே தலைகீழ். ஒண்ணைக் கழட்டி மற்றதை அப்படியே செருகினா எப்படிய்யா வேலை செய்யும்?

ஏசி128ங்கிற ஜெர்மானியம் ட்ரான்ஸிஸ்டர்னா அது பிஎன்பி, அதாவது பிளஸ் மைனஸை மாத்திக் குடுக்க வேண்டிய வகை. பெட்டரியோட பிளஸ்தான் எர்த், மீட்டர் மைனஸ்லதான் காட்டும். மற்ற பெடல்களோட ஒரே அடாப்டர்ல கோர்த்தா நேரா ஷோர்ட்!

அடுத்தது, சிலிக்கனுக்கு மேல ஏசி128ன்னு அச்சடிச்சு விக்கிற புண்ணியவான்கள். மீட்டரை டயோட் மோடுல வச்சு பேஸையும் எமிட்டரையும் தொடுங்க. 0.2, 0.3 வந்தா ஜெர்மானியம். 0.6க்கு மேல வந்தா குடுத்த சல்லி போச்சு. அசல்னாலும் லீக்கேஜ் (பேஸைச் சும்மா விட்டாலும் கசியுற கரண்ட்) பார்க்காமப் போடாதீங்க. பேஸைச் சும்மா விட்டுட்டு, 2.4கே ரெசிஸ்டரோட கலெக்டர் எமிட்டருக்கு 9 வோல்ட் குடுங்க. ரெசிஸ்டருக்குக் குறுக்க 0.24 வோல்ட் காட்டுனா லீக்கேஜ் 100 மைக்ரோ அம்ப், ஓடும். 0.7க்கு மேலன்னா ஒதுக்கி வைங்க. விரலால பிடிச்சிட்டே பார்க்காதீங்க. கைச்சூட்டுக்கே மீட்டர் ஏறிட்டே போகும், விட்டா மெதுவா இறங்கும். அது நிக்கிற வரைக்கும் பொறுக்கணும், அதுக்குத்தான் இங்க ஒருத்தனுக்கும் பொறுமை இல்ல.

சூடு 10 பாகை கூடினா லீக்கேஜ் கிட்டத்தட்ட ரெட்டிப்பு. நுவரெலியாக் குளிர்ல விடியக்காலை 4.5க்குத் திருகி வச்சதை, மத்தியானம் தகரக் கூரை ஹோல்ல வாசிச்சா பயஸ் (அந்தத் திருகி வச்ச வோல்ட்டேஜ்) ஓடிப் போயிருக்கும். உடனே "ட்ரான்ஸிஸ்டர் செத்துப் போச்சு"ன்னு ஒரு தீர்ப்பு! அது சாகல. ட்ரிம்பொட்டை உள்ளுக்குப் புதைக்காம, பெட்டியில ஓட்டை போட்டு வெளிய வைங்க, வாசிக்கிற இடத்துலயே திருகிக்கலாம்.